நீங்கள் ஒருமுறை மதித்த அச்சம்: அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பிரதிநிதிகள் அவை உறுப்பினர்களுக்கும் செனட் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நியூ ஜெர்சி மாநிலத்தில், நெவார்க் நகரத்திலிருந்து அரைமணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் ஒரு பொது நூலகத்தில் நான் பதினேழு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இந்த நாட்டின் குடிமகளாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. உங்களுக்குப் புரியும் மொழியில் எழுத எனக்குத் தெரியும். அந்த மொழியில் என் தொகுதியின் உறுப்பினருக்கு இரண்டு முறை எழுதினேன். தங்கள் கருத்துக்கு நன்றி என்ற ஒரே வாசகம், தேதி மட்டும் மாறி, இரண்டு முறையும் வந்து சேர்ந்தது. ஆகவே இம்முறை தமிழில் எழுதுகிறேன். அச்சத்தைப் பற்றி எங்கள் வீடுகளில் நாங்கள் பேசிக்கொள்வது இந்த மொழியில்தான் என்பதும், உங்களுக்கு வாக்களிக்கும் தமிழர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதும் அதற்கான காரணங்கள். மொழிபெயர்த்துக் கொடுக்க உங்கள் அலுவலகங்களில் யாரேனும் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

சென்ற இலையுதிர்காலத்தில் ஒரு மாலை, மகன் குடும்பத்தோடு வந்து தங்கி நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றிருக்கும் ஒரு முதியவர், மதுரைப் பக்கத்துக்காரர், குடியேற்றச் சட்டத்தைப் பற்றிய கையேடு ஒன்றை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு முன் வந்து நின்றார். வரிசையில் வேறு யாரும் இல்லை. ஆயினும் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, இதை எடுத்தா என் பேருல பதிவாகுமா? அது எத்தனை நாளைக்கு இருக்கும்? வேற யாராச்சும் பார்க்க முடியுமா?" என்று கேட்டார். நூலைத் திருப்பிக் கொடுத்ததும் அவர் பெயருக்கும் நூலுக்கும் உள்ள தொடர்பை எங்கள் கணினி அழித்துவிடும் என்றும், நீதிமன்ற ஆணையோ அழைப்பாணையோ இன்றி வாசகர் பதிவுகளை வெளியிட இம்மாநிலச் சட்டம் எங்களை அனுமதிப்பதில்லை என்றும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு கையேட்டைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்த மூன்று நாட்கள் சாளரத்தோரம் அமர்ந்து அதை அங்கேயே படித்து முடித்தார்.

அவருடைய கேள்வி புதியதன்று. 1970-ம் ஆண்டுக் கோடையில், குண்டுவெடிப்புகள் நாட்டைக் கலங்கடித்துக்கொண்டிருந்த வேளையில், கருவூலத் துறையின் வரிப் பிரிவைச் சேர்ந்த முகவர்கள் பல ஊர்களின் பொது நூலகங்களுக்குச் சென்று, வெடிபொருள்களைப் பற்றிய நூல்களை யார் யார் எடுத்துப் படித்தார்கள் என்று கேட்டார்கள். அக்காலத்தில் பல நூலகங்களில், நூலின் பின்னட்டைக்குள் ஒட்டிய சிறு உறையில் ஓர் அட்டை இருக்கும். எடுத்தவரின் பெயரோ எண்ணோ அதில் எழுதப்பட்டிருக்கும். அந்த அட்டையைத்தான் அவர்கள் கேட்டார்கள். அமெரிக்க நூலகச் சங்கம் எதிர்த்தது. வாசகர் பதிவுகளைக் கமுக்கமாகக் காப்பது நூலகத்தின் கடமை என்று அடுத்த சில மாதங்களிலேயே கொள்கை வகுத்தது. என் தொழிலைப் பற்றி நான் பெருமைகொள்ளும் நிகழ்வுகளில் அதுவும் ஒன்று. ஆனால் அந்த முதியவரின் தயக்கத்தைக் கொள்கையால் போக்க முடியவில்லை என்பதையும் நான் கண்ணால் பார்த்தேன்.

உங்களிடம் நான் சொல்ல வந்தது இதுதான். சமூகம் கொந்தளிக்கும் காலங்களில் இந்த நாட்டில் எல்லோரும்தான் அஞ்சுகிறார்கள். ஆனால் அரசின் அச்சம் மட்டும் உடனுக்குடன் சட்டமாகி, ஆணையாகி, துப்பாக்கியாகி நடமாடத் தொடங்குகிறது. குடிமக்களின் அச்சமோ ஆதாரமற்றது என்ற ஒரு சொல்லால் ஒதுக்கப்படுகிறது. இந்த வழக்கத்துக்கு விலக்காக, உங்கள் இரு அவைகளும் 1971-ம் ஆண்டில் ஒரு காரியம் செய்தன: மக்கள் அஞ்சுகிறார்கள் என்பதையே ஒரு சட்டத்தை நீக்குவதற்குப் போதுமான காரணமாக ஏற்றுக்கொண்டன. அதை மறுபடி செய்யும்படி கேட்பதற்கே இந்த மடல்.

எங்கள் நூலகத்தில் இருக்கும் பழைய தாள்கட்டு நூல்களில் ஒன்று, நகரங்களில் மூண்ட இனக் கலவரங்களை ஆராய்ந்து 1968 பிப்ரவரி 29 அன்று வெளியான கெர்னர் ஆணைய அறிக்கை. நெவார்க்கும் டெட்ராய்ட்டும் எரிந்த 1967-ம் ஆண்டின் ஜூலை மாத இறுதியில், இல்லினாய் ஆளுநர் ஓட்டோ கெர்னர் தலைமையில் பதினொரு பேர் கொண்ட அந்த ஆணையத்தைக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் அமைத்தார். கறுப்பினச் சமூகம் ஒன்று, வெள்ளையினச் சமூகம் ஒன்று எனப் பிரிந்த, சமமற்ற இரண்டு சமூகங்களாக நாடு போய்க்கொண்டிருக்கிறது என்ற அதன் வாசகத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நான் திரும்பத் திரும்பப் படிப்பது வேறொரு பக்கம். நெவார்க்கில் கலவரத்தின் நான்காம் நாள், ஒரு குடியிருப்பு வளாகத்தில் மறைந்திருந்து சுடுகிறார்கள் என்ற தகவல் வந்து நகரக் காவல்துறை இயக்குநர் டொமினிக் ஸ்பினா அங்கே போகிறார். ஏறத்தாழ நூறு தேசியக் காவல் படையினரும் காவலர்களும் வண்டிகளுக்குப் பின்னாலும் மூலைகளிலும் பதுங்கிக் கிடக்கிறார்கள். பட்டப்பகல், எங்கும் அமைதி. ஸ்பினா நடுத்தெருவில் நடந்து போகிறார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசிக் கட்டடத்தை நெருங்கும்போது ஒரு வெடிச்சத்தம் கேட்கிறது. பார்த்தால், சுட்டவர் ஓர் இளம் காவல் படை வீரர். யாரையும் சாளரத்தருகே நிற்கவிடக் கூடாது என்பது தனக்கு இடப்பட்ட உத்தரவு என்றும், ஒரு சாளரத்தில் நின்றவரை அச்சுறுத்தி விலக்கவே சுட்டதாகவும் அவர் சொல்கிறார்.

நீ என்ன செய்துவிட்டாய் தெரியுமா, இந்தத் தெருவில் இருக்கும் ஒவ்வொரு காவலரும் இப்போது மறைந்திருந்து எவனோ சுட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஸ்பினா அவரைக் கடிந்துகொள்கிறார். மூன்று மணி நேரம் அங்கேயே இருக்கிறார். அந்த மூன்று மணி நேரத்தில் அங்கே வெடித்தது அந்த ஒரே ஒரு குண்டு. ஆனால் அன்று மாலை ஆறு மணிக்கு, அதே வளாகத்தை நோக்கி இரண்டு வரிசைகளாக நின்று படையினர் சரமாரியாகச் சுடத் தொடங்குகிறார்கள். பத்தாவது மாடியில், பல பிள்ளைகளின் தாய் ஒருவர் கழுத்தில் குண்டு பாய்ந்து விழுகிறார். நெவார்க்கில் இறந்தவர்கள் 26 பேர்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது எங்கள் பழமொழி. அரண்டவன் கையில் எந்திரத் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஆண்டின் டெட்ராய்ட் காட்டியது. ஒரு வீட்டுக்குள் யாரோ சிகரெட் பற்றவைத்த ஒளியை எதிரியின் துப்பாக்கி வெளிச்சம் என்று எண்ணி, பீரங்கி வண்டியில் வந்தவர்கள் சுட்டதில் நான்கு வயதுச் சிறுமி இறந்தாள். 43 பேர் இறந்த அந்தக் கலவரத்தில், மறைந்திருந்து சுட்டவர்களைப் பற்றிய தகவல்களில் மிகப் பெரும்பாலானவை பொய் அல்லது மிகை என்றும், பல இடங்களில் காவலர்களும் படையினரும் சுட்ட குண்டுகளே அப்படி எண்ணப்பட்டன என்றும் ஆணையம் கண்டறிந்தது. அதே நகரத்தின் கிழக்குப் பகுதிக்குப் பொறுப்பேற்ற ராணுவத் தளபதி ஜான் திராக்மார்ட்டன், துப்பாக்கிகளிலிருந்து தோட்டாக்களை அகற்றும்படி தம் வீரர்களுக்கு உத்தரவிட்டார். மக்களோடு அவர்கள் பேசிப் பழகவும் செய்தார். வியட்நாம் போரைக் கண்ட வீரர்கள் பலர் இருந்த அந்தப் படை, டெட்ராய்ட்டில் தங்கியிருந்த காலம் முழுவதும் சுட்டது மொத்தம் 201 தோட்டாக்கள். அவர்கள் நின்ற பகுதிதான் முதலில் அமைதியடைந்தது. அவர்களுக்கு ஆபத்து குறைவாக இருந்ததால் இப்படி நடந்தது என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் அஞ்சவில்லை, அஞ்சாதவர்களைப் பார்த்து மக்களும் அஞ்சவில்லை.

கலவரம் அடங்கிய பிறகுதான் அச்சம் வேர்விட்டது. 1967 நவம்பரில் டெட்ராய்ட்டின் இரு பெரும் நாளிதழ்களிலும் தொடங்கிய வேலைநிறுத்தம் அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வரை நீடித்தது. செய்தித்தாள் வராத நகரத்தில் வதந்திதான் செய்தி. அடுத்த கோடையில் கறுப்பினத்தவர் கும்பலாக வந்து குழந்தைகளைக் கொல்வார்கள் என்று வெள்ளையினப் புறநகர்களில் பேசிக்கொண்டார்கள்; துப்பாக்கி விற்பனை உயர்ந்தது; டியர்போர்னில் இல்லத்தரசிகளுக்குக் கைத்துப்பாக்கிப் பயிற்சி நடந்தது. சிகாகோவில் தொடங்கிய ஏற்பாட்டைப் பார்த்து, கேள்விப்பட்டது உண்மையா என்று தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வதந்தித் தடுப்பு மையங்களை நகரங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு நூலகராக எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கைப்பேசிகள் வழியே வதந்தி நொடியில் பரவும் இந்நாளில் அப்படி ஓர் எண்ணை எந்த நகரம் வைத்திருக்கிறது?

மறுபக்கத்தில், கறுப்பின மக்களிடையிலும் போர் எதிர்ப்பு மாணவர்களிடையிலும் வேறொரு வதந்தி பரவியது: தங்களைக் கூட்டமாகப் பிடித்து அடைப்பதற்கு அரசு முகாம்களை ஆயத்தமாக வைத்திருக்கிறது என்பது. அரசுத் தரப்பு அதைச் சிரித்து ஒதுக்கியது. சிரிக்க இடமில்லாதபடி அந்த வதந்திக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது; அதை இயற்றியவர்கள் உங்கள் முன்னவர்கள்.

1950 செப்டம்பரில், கொரியப் போரின் முதல் மாதங்களில், பொதுவுடைமை அச்சத்தின் உச்சத்தில், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியது. 1798-ன் அயலார் மற்றும் அரசநிந்தைச் சட்டங்களுக்குப் பிறகு பேச்சுரிமைக்கும் பத்திரிகை உரிமைக்கும் கூட்ட உரிமைக்கும் வந்த மிகப் பெரிய ஆபத்து என்று கூறிக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அதைத் திருப்பி அனுப்பினார். அவருடைய மறுப்பை மீறி மறுநாளே அது சட்டமானது. அதன் இரண்டாம் பகுதியான அவசரகாலத் தடுப்புக்காவல் சட்டம், போரோ படையெடுப்போ அயல்பகைக்குத் துணையான உள்நாட்டுக் கிளர்ச்சியோ நேரும்போது, உளவோ நாசவேலையோ செய்யக்கூடும் என்று நம்பப்படுகிற எவரையும் விசாரணையின்றி அடைத்துவைக்க வழிசெய்தது. செய்தார் என்பதற்காக அடைக்கும் சட்டமன்று அது. செய்யக்கூடும் என்பதற்காக அடைக்கும் சட்டம். ஆறு இடங்கள் முகாம்களாகக் குறிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று கலிபோர்னியாவின் டூலி லேக். 1942-ல் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இந்நாட்டின் குடிமக்கள், வீடுகளிலிருந்து பெயர்த்தெடுத்துக் கொண்டுபோகப்பட்ட முகாம்களில் ஒன்று அது.

இந்தச் சட்டத்தின் கீழ் ஒருவர்கூட அடைக்கப்படவில்லை. சில ஆண்டுகளில் முகாம்களுக்கான பணமும் நின்றுபோனது. சட்டம் மட்டும் புத்தகத்தில் கிடந்தது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1968 மே மாதத்தில், பிரதிநிதிகள் அவையின் அமெரிக்க விரோதச் செயல்களுக்கான குழு அதைத் தூசு தட்டி எடுத்தது. நகரங்களில் கொரில்லாப் போர் மூண்டால் அதில் ஈடுபடுவோரை அடைக்க அந்தத் தடுப்புக்காவல் மையங்களைப் பயன்படுத்தலாம் என்று தன் அறிக்கையில் எழுதியது. இத்தனை ஆண்டுகள் தூங்கிய சட்டத்தை எழுப்ப ஒரு குழுவும் ஒரு அறிக்கையும் போதுமானவையாக இருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; சற்றுப் பின்னர் அதற்குத் திரும்பி வருகிறேன்.

அச்சம் ஒரு பக்கவிளைவாக மட்டும் இருந்துவிடவில்லை. 1971 மார்ச் 8 அன்று பென்சில்வேனியாவின் மீடியா என்ற சிற்றூரில் இருந்த எஃப்.பி.ஐ. அலுவலகத்திலிருந்து களவாடப்பட்டு வெளியான ஆவணங்களில் ஒன்று, எதிர்ப்பாளர்களை மேலும் மேலும் நேரில் கண்டு விசாரிக்கும்படி முகவர்களைத் தூண்டியது. அவர்களிடையே ஏற்கெனவே இருக்கும் ஐயத்தை அது வளர்க்கும் என்பதும், ஒவ்வொரு அஞ்சல் பெட்டிக்குப் பின்னாலும் ஓர் எஃப்.பி.ஐ. முகவர் இருக்கிறார் என்ற எண்ணத்தை அழுத்தமாகப் பதிக்கும் என்பதும் அதற்கு அந்த ஆவணமே கொடுத்த காரணங்கள். எல்லா அஞ்சல் பெட்டிகளுக்கும் முகவர்கள் கிடைக்க மாட்டார்கள் என்று எழுதியவருக்குத் தெரியாதா? அச்சம் இருந்தால் முகவர் வேண்டியதில்லை, அதுதான் கணக்கு.

இனி நீங்கள் பெருமைகொள்ளத் தக்க பகுதி. தடுப்புக்காவல் சட்டத்தை நீக்கக் கோரும் இயக்கத்தை முன்னெடுத்தவர்கள் ஜப்பானிய அமெரிக்கர்கள். முகாம் என்பது அவர்களுக்கு வதந்தியன்று. அவர்கள் அங்கே பள்ளிக்குப் போனவர்கள், பிள்ளை பெற்றவர்கள், பெற்றோரைப் புதைத்தவர்கள். அடுத்த முறை அடைக்கப்படுபவர்கள் தாங்களாக இருக்க மாட்டோம் என்று தெரிந்தே அவர்கள் இறங்கினார்கள். இத்தாலியப் போர்முனையில் வலக்கையை இழந்த ஹவாய் செனட்டர் டேனியல் இனோயே 1969-ல் நீக்க மசோதாவைக் கொண்டுவந்தார். பிரதிநிதிகள் அவையில் அதே ஹவாயைச் சேர்ந்த ஸ்பார்க் மட்சுனாகா பொறுப்பேற்றார். அவ்வாண்டு டிசம்பரில் அரசின் நீதி அமைச்சகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கையொப்பமிட்டவர் துணைத் தலைமை வழக்குரைஞர் ரிச்சர்ட் கிளைண்டீன்ஸ்ட். கிளர்ச்சிக்காரர்களைப் பிடித்து முகாமில் அடைக்க வேண்டும் என்று அவர் பேசியதாக ஒரு மாத இதழ் அதே ஆண்டில் வெளியிட்டிருந்தது. அவர் அதை மறுத்தார். அப்படிப்பட்ட ஐயத்துக்கு ஆளான மனிதர் எழுதிய கடிதம், சட்டத்தை நீக்கிவிடலாம் என்றது. பல குடிமக்களின் அச்சங்களும் ஐயங்களும், அவை ஆதாரமற்றவையாகவே இருக்கலாம் என்றாலும், இந்த நீக்கத்தால் தணியும் என்றும், நெருக்கடி வேளையில் அந்தச் சட்டத்தால் கிடைக்கக்கூடிய எந்த நன்மையைவிடவும் அது பெரியது என்றும் அக்கடிதம் கூறியது.

அந்த வாசகத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஆதாரமற்றவையாகவே இருக்கலாம் என்றாலும்! அச்சப்படுவது சரியா தவறா என்ற வழக்கை அரசு அங்கே நடத்தவில்லை. உங்கள் அச்சத்தை மெய்ப்பித்துக் காட்டுங்கள் என்று மக்களைக் கூண்டில் ஏற்றவில்லை. விசாரணையின்றி அடைக்கப்படுவோமோ என்று லட்சக்கணக்கானவர்கள் எண்ணிக்கொண்டு வாழ்வதே ஒரு கேடு, அந்தக் கேட்டை நீக்கும் வழி உங்கள் கையில் இருக்கிறது என்ற அளவில் அது நின்றது. உள்நாட்டுப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஐகார்ட் சட்டத்தைத் திருத்தி வைத்துக்கொள்ளலாம் என்று வாதாடினார். உங்கள் அவை அதற்கு இணங்கவில்லை. 1971 செப்டம்பர் 25 அன்று குடியரசுத் தலைவர் நிக்சன் கையொப்பமிட, சட்டம் நீங்கியது. காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின்படி அன்றி எந்தக் குடிமகனையும் அமெரிக்க அரசு சிறைவைக்கக் கூடாது என்ற ஒரே வாக்கியம் அதன் இடத்தில் அமர்ந்தது. அது வலுவான வாக்கியம்தான். ஆனால் குடிமக்களுக்கு மட்டும். சாளரத்தோரம் அமர்ந்து படித்த எங்கள் முதியவருக்கு அதில் இடமில்லை.

இப்போது புத்தகத்தில் கிடக்கும் மற்றொரு சட்டத்துக்கு வருகிறேன். 1807-ல் இயற்றப்பட்ட கிளர்ச்சிச் சட்டம், உள்நாட்டில் ராணுவத்தை இறக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்குக் கொடுக்கிறது. அதை ஒட்டுமொத்தமாக ஒழிக்கும்படி நான் கேட்கவில்லை. 1957-ல் லிட்டில் ராக் நகரில், அதுவரை வெள்ளையினருக்கு மட்டுமாக இருந்த பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைந்தது குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் இந்தச் சட்டத்தின் துணைகொண்டு அனுப்பிய வீரர்களின் நடுவே நடந்துதான்; அன்று அந்தப் பிள்ளைகளின் அச்சத்தை அரசு தன் அச்சமாக எடுத்துக்கொண்டது. 1992-ல் லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்துக்கும் இதே சட்டத்தின் கீழ்தான் படை போனது. காம்டன் பகுதியில் ஒரு வீட்டுக்குள் நுழையப்போன காவலர், உடன்வந்த கடற்படைக் காலாட்களிடம் தமக்குக் காப்பாக நிற்கும்படி ஒரு சொல்லால் சொன்னார். துப்பாக்கியை நீட்டி ஆயத்தமாக நில்லுங்கள் என்பது காவல்துறையில் அந்தச் சொல்லின் பொருள். சுடு என்பது போர்ப்படையில் அதன் பொருள். நொடிகளில் 200-க்கும் மேற்பட்ட தோட்டாக்கள் அந்த வீட்டைத் துளைத்தன. உள்ளே குழந்தைகள் இருந்தார்கள். யாருக்கும் காயமில்லை என்பது நற்பேறு.

இச்சட்டத்தில் என்னை அச்சுறுத்துவது அதன் திறந்த கதவு. கிளர்ச்சி என்பது எது, தடை என்பது எது, படை எத்தனை நாள் நிற்கலாம் என்பவற்றுக்கு அதில் வரையறை இல்லை. குடியரசுத் தலைவர் தேவை என்று கருதினால் போதும். உங்கள் வாக்கு எந்தக் கட்டத்திலும் தேவையில்லை. ஆனால் இது தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்ததில்லை. 1792-ல், நாடு பிறந்த சூட்டில், உங்கள் முன்னவர்கள் எழுதிய படைதிரட்டுச் சட்டத்தில், சட்டத்தை நடைமுறைப்படுத்த முடியாதபடி எதிர்ப்பு வலுத்திருக்கிறது என்று ஒரு நீதிபதி சான்றளித்த பிறகே குடியரசுத் தலைவர் படையை அழைக்கலாம். அடுத்த கூட்டத்தொடர் தொடங்கி முப்பது நாட்களுக்கு மேல் அந்தப் படை நிற்கவும் கூடாது. 1794-ல் பென்சில்வேனியாவின் சாராய வரிக் கிளர்ச்சியை அடக்கப் புறப்படும் முன் ஜார்ஜ் வாஷிங்டனே உச்ச நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் வில்சனின் சான்றைப் பெற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டே நீதிபதியின் சான்று தேவையில்லை என்று ஆனது. காலவரம்பும் பின்னர் கழன்றுபோனது. வாஷிங்டனுக்கு வேண்டியிருந்த கடிவாளம் அவருக்குப் பின்வந்தவர்களுக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் யாரை நம்பினார்களோ, எனக்குத் தெரியாது.

கத்ரீனா புயலுக்குப் பின், 2006-ல், நீங்கள் இச்சட்டத்தை இன்னும் அகலமாக்கினீர்கள். மாநில ஆளுநர்கள் திரண்டு எதிர்த்ததும் 2008-ல் அந்தத் திருத்தத்தை நீங்களே திரும்பப் பெற்றீர்கள். ஆக, உங்களால் முடியும். கேட்பவர்கள் ஆளுநர்களாக இருந்தால் விரைவாகவே முடிகிறது.

2020 ஜூனில் இச்சட்டத்தைப் பயன்படுத்தப்போவதாக வெள்ளை மாளிகையிலிருந்து குறிப்புணர்த்தப்பட்டது, பயன்படுத்தவில்லை. 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸுக்குத் தேசியக் காவல் படை வேறொரு சட்டப் பிரிவின் கீழ் அனுப்பப்பட்டது. பயன்படுத்தாத சட்டம் யாருக்கு என்ன தீங்கு செய்தது என்று உங்களில் சிலர் கேட்கலாம். தடுப்புக்காவல் சட்டமும் ஒருவரையும் அடைக்கவில்லை. போர்க்காலத்தில் பகைநாட்டவரைப் பிடித்து வெளியேற்ற வழிசெய்யும் 1798-ன் அயல்நாட்டுப் பகைவர் சட்டம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் முக்கால் நூற்றாண்டு தூங்கியது. 2025 மார்ச்சில் விழித்து எழுந்து, நூற்றுக்கும் மேற்பட்ட வெனிசுவேலா நாட்டினரை ஒரே நாளில் எல் சால்வடோரின் சிறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்படி அனுப்பப்படுபவர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பும் நீதிமன்றத்தை நாடும் வாய்ப்பும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது அவர்கள் ஏற்கெனவே சிறைக்குள் இருந்தார்கள்.

உங்கள் அச்சத்தையும் நான் அறியாமல் இல்லை. 2011-ல் தொகுதி மக்களைச் சந்திக்க அங்காடி வாசலில் நின்ற கேப்ரியல் கிஃபர்ட்ஸ் தலையில் சுடப்பட்டார். 2017-ல் பேஸ்பால் பயிற்சியில் இருந்த ஸ்டீவ் ஸ்கலீஸ் சுடப்பட்டார். 2021 ஜனவரி 6 அன்று கும்பல் உங்கள் கட்டடத்துக்குள் புகுந்தபோது நீங்கள் இருக்கைகளுக்கு அடியில் பதுங்கியதை உலகம் பார்த்தது. அதன்பின் ஆறு மாதங்கள் உங்கள் கட்டடத்தைச் சுற்றி வேலி நின்றது. 2025-ல் மினசோட்டாவில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் மெலிசா ஹார்ட்மனும் யூட்டாவில் அரசியல் செயற்பாட்டாளர் சார்லி கிர்க்கும் கொல்லப்பட்டதற்குப் பிறகு, பொதுக்கூட்டம் நடத்தவே உங்களில் பலர் தயங்குவதை நான் குறைசொல்ல மாட்டேன். எங்கள் நூலகத்தில் நடக்கவிருந்த ஒரு சந்திப்பும் அப்படித்தான் காணொளிக் கூட்டமாக மாறியது. உங்கள் அச்சத்துக்குக் காவலர்கள் கிடைக்கிறார்கள், வேலி கிடைக்கிறது, நிதி ஒதுக்கீடு கிடைக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அந்த அளவுகோலைக் கொஞ்சம் இந்தப் பக்கமும் நீட்டுங்கள் என்கிறேன்.

எங்கள் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில், பச்சை அட்டையை எப்போதும் கையில் வைத்திருங்கள் என்ற செய்தி மாதம் ஒருமுறையாவது சுற்றுகிறது. பதினெட்டு வயதைக் கடந்த குடியுரிமை பெறாதவர் பதிவு அட்டையை எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டமே. அதன் வேர் 1940-ம் ஆண்டின் போர்க்கால அச்சத்தில் இருக்கிறது. குடியுரிமை பெற்றவர்களோ கடவுச்சீட்டின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருக்கிறார்கள். அதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. ஒரு மனுவில் கையொப்பமிடும் முன் இரண்டு நாள் யோசிக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளையிடம், ஊர்வலத்தைப் பார், ஆனால் நடைபாதையிலேயே நின்றுகொள் என்கிறார்கள். நானும் என் மகளிடம் அப்படித்தான் சொன்னேன். சொல்லிவிட்டு வெட்கப்பட்டேன், ஆயினும் திரும்பப் பெறவில்லை.

ஆகவே உங்களிடம் என் கோரிக்கை: கிளர்ச்சிச் சட்டத்தைச் சீர்திருத்தும் மசோதாவை இரு அவைகளின் உரிய குழுக்களிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சூழலில் படையை அழைக்கலாம் என்பதை வரையறுங்கள். 1792-ல் இருந்த காலவரம்பைத் திரும்பக் கொண்டுவந்து, அதற்கு மேல் படை நிற்க உங்கள் வாக்கு வேண்டும் என்று எழுதுங்கள். பாதிக்கப்படுபவர் நீதிமன்றத்தை அணுகும் வழியைத் திறந்துவையுங்கள். அயல்நாட்டுப் பகைவர் சட்டத்தை, 1971-ல் செய்தது போல, முழுவதுமாக நீக்குங்கள். விசாரணை அமர்வுகளுக்குத் தளபதிகளையும் வழக்குரைஞர்களையும் அழைப்பதோடு, டூலி லேக்கில் குழந்தைகளாக இருந்து இன்னும் உயிரோடு இருப்பவர்களையும் அழையுங்கள். அவர்கள் தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள், காத்திருக்க அவர்களுக்குக் காலமில்லை. அமர்வின் தொடக்கத்தில் கிளைண்டீன்ஸ்டின் கடிதத்தை யாராவது உரக்கப் படிக்கட்டும். அது உங்கள் சொந்த ஆவணங்களில்தான் இருக்கிறது, தேடிக் கிடைக்காவிட்டால் நகல் எடுத்து அனுப்புகிறேன். நூலகரின் வேலை அதுதானே.

இந்த மடலுக்குத் தங்கள் கருத்துக்கு நன்றி என்ற பதில் வேண்டாம். அமர்வு எந்தத் தேதியில் என்று மட்டும் எழுதுங்கள். அந்தத் தேதியை எங்கள் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில், தமிழிலும் ஆங்கிலத்திலும், நானே எழுதி ஒட்டுகிறேன்.

இங்ஙனம்,
நியூ ஜெர்சியின் ஒரு பொது நூலகர்